ஐந்தாவது கிளாஸ்

ஜூன் 3, திங்கள்

அச்சகத்திலிருந்து லேபிள் வந்துவிட்டது. கருநீலத் தாளில் பொன் எழுத்து. நடுவில் "கொண்டல்". அதன் கீழே "பார்லி விஸ்கி, பீப்பாயில் ஆறு ஆண்டு முதிர்ந்தது". அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்தான், ஆனால் கண்ணாடி போடாமலே படிக்க முடிகிற எழுத்தில்: "உருவாக்கியவர்: ரிஷிகேசன் தெய்வசிகாமணி."

உருவாக்கியவராம்!

கரும்புக் கழிவுச் சாராயத்தில் வண்ணமும் எசன்ஸும் ஊற்றி விஸ்கி என்று விற்றுக்கொண்டிருந்த இந்தக் கம்பெனியில், "ஒன்றாவது தானியத்தில் வடித்த உண்மையான விஸ்கியாகச் செய்வோம் ஐயா" என்று பெரிய முதலாளியிடம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய் நின்றது யார்? நாற்பத்தொரு பீப்பாயையும் மாதாமாதம் திறந்து முகர்ந்து, வெயில் விழும் சுவரோரம் இருப்பதை உள்ளே தள்ளு, உள்ளே இருப்பதை வெளியே உருட்டு என்று கிடங்கு கலியமூர்த்தியின் இடுப்பை ஒடித்தது யார்? முதலாளியின் மகன் ரிஷி சார் அப்போது துபாயில் கார் விற்றுக்கொண்டிருந்தார்.

போய்க் கேட்டேன். "ஒரு முகம் வேணும் மேடம். விஸ்கிக்கு லேடீஸ் முகம் நம்ம ஊர்ல எடுபடாது. தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

நான் தப்பாக நினைக்கவில்லை. எனக்குப் பெயர் ஒரு பொருட்டே இல்லை.

வரும் வழியில் சிலிண்டர் பதிவு செய்தேன். சங்கரா மீன் நன்றாக இல்லை, வாங்கவில்லை.

ஜூன் 5, புதன்

பெரிய முதலாளி கூப்பிட்டனுப்பினார். இருபத்தொன்றாம் தேதி கடற்கரை ஓட்டலில் அறிமுக விழா. பத்திரிகைக்காரர்கள், ஓட்டல்களுக்குச் சரக்கு வாங்குகிறவர்கள் என்று அறுபது பேர் வருவார்கள். மேடையில் ஐந்து கிளாஸ் வைப்பார்கள், பெயர் இருக்காது. எது எந்த நாட்டு விஸ்கி என்று ரிஷி சார் முகர்ந்தே சொல்ல வேண்டும். ஐந்தில் ஒன்று கொண்டல்.

"பதினஞ்சு நாள்ல கத்துக் குடுத்துடும்மா பிலோமினா. நீ கெட்டிக்காரி" என்றார்.

நான் இருபது வருஷம் கற்றதைப் பதினைந்து நாளில்! நானே மேடையேறிச் சொன்னால் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

முதல் பாடத்துக்கு ரிஷி சார் ஐஸ் பெட்டியோடு வந்தார்.

"ஐஸ் எதுக்கு சார்?"

"விஸ்கின்னா ஐஸ் இல்லாமலா?"

"குடிக்கறப்போ உங்க இஷ்டம். மோந்து பாக்கறப்போ வேணாம். குளுந்துட்டா வாசனை எழும்பாது, உள்ளயே உக்காந்துக்கும்."

கிளாஸை ஒயின் குடிப்பவர்போல் சுழற்றினார். மூக்கை முழுக்க உள்ளே விட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸ் எதற்கு என்று விளக்கினேன். முகவாய்க்கு நேராகப் பிடியுங்கள், வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு முகருங்கள், ஸ்பிரிட்டின் காரம் வாய் வழியே போய்விடும், வாசனை மட்டும் மூக்குக்கு வரும் என்றேன். பிறகு நாலு சொட்டுத் தண்ணீர். அதற்கு மேல் ஊற்றினால் கழுவி விட்டதாகிவிடும். நாலு சொட்டு என்றால் மூடிக்கிடந்தது திறக்கும்.

"சோடா?" என்றார்.

நாற்பத்தொரு பீப்பாய்க்கு வாரிசு இவர்.

ஜூன் 7, வெள்ளி

மூன்றாம் பாடம். இன்று ஐரிஷ், பர்பன் இரண்டு மட்டும். இதைவிட எளிதான ஜோடி கிடையாது. ஐரிஷ் பெரும்பாலும் மூன்று தடவை வடித்தது. முனையெல்லாம் தேய்ந்து வழவழப்பாக வரும். பச்சை ஆப்பிளை அப்போதுதான் நறுக்கிய வாசனை. புதிதாகக் குடிப்பவருக்கு இதைத்தான் முதலில் தர வேண்டும், எதுவும் கலக்காமல். பர்பன் அமெரிக்காவுடையது. பாதிக்கு மேல் மக்காச்சோளம். உள்பக்கம் தீயில் கருக்கிய புதுப் பீப்பாயில் கிடப்பதால் கொப்பரைத் தேங்காயும் வெல்லப்பாகும் வெனிலாவும் மணக்கும். அதற்குப் பெரிய ஐஸ் கட்டி ஒன்று போட்டாலும் தாங்கும் என்று அவருக்காகவே சொன்னேன்.

கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பத்து தடவை. நாலு சரி. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் ஐந்து வந்திருக்கும்.

என் நேரத்தை இப்படிப் பாழாக்குகிறார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று புகை ஸ்காட்சைத் திறந்தேன். சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற அறையில் கருவாடு சுட்டது மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தாலே எங்கள் லேபில் கடைசி மேஜையில் இருக்கிற பெண் மூக்கைப் பொத்துவாள். அவசரப்படாமல், சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு மடக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே பேச்சு வளர்த்துக் குடிக்க வேண்டியது.

ரிஷி சார் அதை முகர்ந்துவிட்டு, "இதுவும் ஸ்மூத்தா இருக்கு மேடம்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "சார், வெளையாடறீங்களா? இதை மோந்துட்டு ஸ்மூத்னு சொல்றவர் பேரையா லேபிள்ல போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்கு வாசனையே வராது மேடம். மூணு வருஷமாச்சு. ஊரெல்லாம் வந்துச்சே, அந்தக் காய்ச்சல்ல போனது, திரும்பல. வீட்ல கேஸ் கசிஞ்சாகூடத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"டாக்டர் கிட்ட காட்டினீங்களா?" என்றேன்.

"மூணு பேர் கிட்ட. பூ, காபித்தூள், கிராம்புன்னு தெனமும் மோந்து பாக்கச் சொன்னாங்க. மோந்துட்டுத்தான் இருக்கேன்."

மூக்கில்லாத மனிதன் பெயரில் என் விஸ்கி. இதற்கு நான் யாரைக் கோபித்துக்கொள்வது? அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 12, புதன்

வாசனை இல்லாவிட்டாலும் நாக்கு இருக்கிறதே என்று இன்று நாக்கை வைத்துப் பாடம் நடத்தினேன். பர்பன் இனிப்பு, எண்ணெய்போல் ஒட்டும். ரை தானியத்தில் செய்தது காய்ந்து, சுக்குப்போல் நாக்கின் ஓரத்தில் கடிக்கும். ஏழுக்கு மூன்று சொன்னார். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. போதாது.

ஜூன் 14, வெள்ளி

அவருடைய யோசனை இது: காதுக்குள் வைக்கிற குட்டிக் கருவி. மேடையில் ஊற்றுகிற அதே குடுவைகளிலிருந்து இன்னொரு செட் கிளாஸ் ஹாலுக்குப் பின்னால் உள்ள அறைக்கு வரும். நான் அங்கே உட்கார்ந்து முகர்ந்து போனில் சொல்ல வேண்டும். அவர் காதில் வாங்கி மேடையில் சொல்வார்.

"முடியாது" என்றேன்.

"மேடம், அன்னிக்கு நான் சொதப்பினா அப்பா மும்பைக்காரங்களுக்குக் கம்பெனிய வித்துடுவாரு. அவங்களுக்கு லைசென்ஸ்தான் வேணும். உங்க பீப்பாயெல்லாம் மட்டச் சரக்குல போயிடும். எனக்காக வேணாம், பீப்பாய்க்காகச் செய்யுங்க."

பீப்பாய்களைச் சொல்லி என்னை மடக்கிவிட்டார். கம்பெனியிலேயே யாருக்கும் தெரியாமல், கதவுக்குப் பின்னால், என் மூக்கை இன்னொருவருக்கு வாடகைக்கு விடப் போகிறேன். ஒப்புக்கொண்டேன் என்பதை எழுதவே கை கூசுகிறது.

ஜூன் 16, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து எங்கள் பங்கு மக்களுக்கான மாத இதழைக் கொடுத்தார்கள். மதுவிலக்குக் குழுவின் புதிய செயலாளர் என்று என் வீட்டுக்காரர் அருளப்பன் படம். உடற்கல்வி ஆசிரியர். "இவரது துணைவியார் மருந்துக் கம்பெனியில் பணிபுரிகிறார்."

"மருந்துக் கம்பெனியா?" என்றேன்.

"வேற என்னன்னு சொல்றது பிலோ?" என்றார் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே.

பதினேழு வருஷமாக இதுதான் பதில். நான் ஒரு மடக்கு விழுங்கியதில்லை, வாயில் வைத்துத் துப்புவதுதான் என் வேலை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் அங்கே சொல்ல வெட்கம். இங்கே கம்பெனியில் சொல்ல மனமில்லை. பரவாயில்லை. எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் நெத்திலிக் குழம்பு. உப்பு அதிகமாகிவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஒத்திகை. காதுக் கருவி நன்றாக வேலை செய்கிறது. ரிஷி சார் நான் சொன்ன வரிகளை ஒரு எழுத்து விடாமல் சொல்கிறார். அவர் குரலில் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

மாலை ஆறு மணிக்கு ஆரம்பம். என்னை உட்காரவைத்த இடம் ஹாலை ஒட்டிய சின்னச் சமையலறை. கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தார்கள்! எண்ணெய்ப் புகையில் மூக்கை வைத்து வேலை செய் என்றால் எப்படி? சண்டை போட்டு அடுப்பை அணைக்கவைத்தேன். ஸ்டூலில் ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூடி, ஒன்று முதல் ஐந்து வரை எண்.

ஒன்று, ரை. "சுக்கு, மிளகு, காஞ்ச வைக்கோல்" என்று சொன்னேன். ஹாலில் ரிஷி சாரின் குரல் அதையே சொல்லிற்று. "இதைத் தனியாகக் குடித்தால் நாக்கைக் கடிக்கும். எலுமிச்சைத் தோலோடு கலவையாகக் குடித்தால்தான் இதன் காரத்துக்கு வேலை" என்றதும் அவர் குரல்தான். கைதட்டினார்கள். இரண்டு, ஐரிஷ். மூன்று, புகை ஸ்காட்ச். ஆஸ்பத்திரி, கருவாடு என்றதும் சிரிப்பு அள்ளிக்கொண்டு போயிற்று. அது என் வரி. நாலு, பர்பன். கைதட்டல் கதவைத் தாண்டி வந்தது. சும்மா எழுதிவைக்கிறேன், வேறொன்றுமில்லை.

ஐந்தாவது கிளாஸின் மூடியை எடுத்தேன்.

கொண்டல் என்றால் முதலில் செவ்வாழை எழும்ப வேண்டும். அதன் பின்னால் முந்திரிப் பழத்தின் துவர்ப்பு, கடைசியில் பனங்கற்கண்டு. குளிர் நாட்டில் பீப்பாய் இருபது வருஷத்தில் கொடுப்பதை நம் வெயில் ஆறே வருஷத்தில் பிழிந்து கொடுக்கும். பதிலுக்கு வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கை ஆவியாக எடுத்துக்கொள்ளும். அப்படி மிஞ்சியது அது.

இந்தக் கிளாஸில் செவ்வாழை எங்கோ தூரத்தில் இருந்தது. முன்னால் நின்றது கருக்கிய சீனி. அடியில் கரும்புச் சாராயம். தண்ணீர் விட்டுப் பார்த்தேன். வாயில் வைத்துத் துப்பினேன். சந்தேகமே இல்லை. என் விஸ்கியோடு இரண்டு பங்கு மட்டச் சரக்கைச் சேர்த்து, வண்ணம் ஊற்றிப் பெருக்கியிருக்கிறார்கள்.

"சார், இது கொண்டல் இல்ல" என்றேன் போனில்.

ஹாலில் அறுபது பேர் காத்திருந்தார்கள். அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. மூக்கில்லாதவருக்குச் சரக்கு மாறியது எப்படித் தெரியும்? கணக்கைப் போட்டுவிட்டார், மிச்சமிருப்பது ஒன்றுதான். "இது நம்முடையது. இது கொண்டல்!" என்று உரக்கச் சொன்னார். பலத்த கைதட்டல். எல்லா மேஜைக்கும் ஊற்ற ஆரம்பித்தார்கள்.

நான் கிளாஸோடு எழுந்துவிட்டேன். கதவைத் தள்ளி, மேஜைகளுக்கு நடுவே போய், மேடைப் படியேறி, ரிஷி சாரின் காதுப் பக்கம் குனிந்து மெதுவாகத்தான் சொன்னேன்:

"சார், ஊத்தறதை நிறுத்தச் சொல்லுங்க. இது நான் செஞ்சது இல்ல. நான் செஞ்ச விஸ்கிய யாரோ கெடுத்திருக்காங்க."

அவர் சட்டைக் காலரில் மைக் குத்தியிருந்தது எனக்குத் தெரியாது. பச்சைப் புள்ளி ஒன்று மின்னியதைப் பார்த்தேன். அது என்ன என்று யோசிக்க அப்போது எனக்கு நேரமில்லை.

ஹால் முழுக்க என் குரல் கேட்டது. ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முதல் வரிசையில் ஓர் ஓட்டலுக்குச் சரக்கு வாங்குகிற அம்மாள், "நீங்க யாரு?" என்று கேட்டார்.

பெரிய முதலாளி எழுந்தார். "எங்க லேப்ல வேலை பாக்குற பொண்ணு. உடம்பு சரியில்ல அவளுக்கு."

அந்த அம்மாள் தன் கிளாஸை முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். குடிக்காமல் தள்ளிவைத்தார். பக்கத்து மேஜையிலும் ஒருவர் தள்ளிவைத்தார்.

ஏழரைக்குப் பஸ் பிடித்து வீடு வந்தேன். தோசை ஊற்றினேன். அருளப்பனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 22, சனி

பேப்பரில் நாலாம் பக்கம், கட்டம் கட்டி: "விஸ்கி விழாவில் சலசலப்பு. தயாரித்தது நான்தான் என மேடையேறிய பெண்." பெயரைப் போட்டிருக்கிறார்கள். பிலோமினா அருளப்பன்.

நான் அப்படியா சொன்னேன்? விஸ்கி கெட்டுவிட்டது என்று சொன்னேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அருளப்பன் காபி ஆறும்வரை பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மருந்துக் கம்பெனின்னுதானே பிலோ எல்லார் கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

"நான் சொல்லச் சொன்னேனா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பத்து மணிக்கு ஒரு கிலோ சங்கராவோடு வந்தார். நல்ல மீன். அந்தப் பேப்பரில் மீனைச் சுத்தம் செய்யப் போனேன். நாலாம் பக்கத்தை மட்டும் காணவில்லை.

ஜூன் 24, திங்கள்

கேட்டிலேயே கலியமூர்த்தி மறித்தான். "அம்மா, நீங்க போன மாசம் தங்கச்சி வூட்டுக் கல்யாணத்துக்குப் போனீங்களே, அந்த மூணு நாள்ல பதினஞ்சு பீப்பாய வெளிய எடுத்து பெரிய ஐயா சொல்லி டேங்கர் வெச்சுக் கலந்தாங்க. சொன்னா வேலை போயிடும்னாங்க. இன்னா பண்ணுவேன் சொல்லு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கலியமூர்த்தி? வெளியே எடுத்த பதினஞ்சையும் தண்ணி ஊத்தி ரொப்பி வெச்சு என்னை ஏமாத்தினீங்களா?"

"இல்லம்மா, காலி பீப்பாய அப்படியே பின் வரிசையில அடுக்கிட்டோம். இந்த மாசம் நீங்க கெடங்குப் பக்கமே வரல. பாடம் எடுத்துக்கினு இருந்தீங்க."

உண்மைதான். அந்த உண்மையும் எனக்குக் கோபமாகத்தான் வந்தது. நாற்பத்தொன்றில் இருபத்தாறு இன்னும் முழுசாக இருக்கிறது என்றான்.

உள்ளே பெரிய முதலாளியும் ரிஷி சாரும். மேஜையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. விழா அன்று எனக்குக் கடும் ஜலதோஷம், அதனால் வாசனையைத் தவறாகக் கணித்துவிட்டேன், வருந்துகிறேன் என்று.

"கையெழுத்துப் போடும்மா. பழையபடி வேலையைப் பாரு. எதுவும் மனசுல வெச்சுக்க மாட்டேன்" என்றார் பெரிய முதலாளி.

அவர் மனசில் வைத்துக்கொள்ள மாட்டாராம்!

"என்னை எடுத்தாலும் எடுங்க ஐயா. என் மூக்கு சரியில்லன்னு மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன். அன்னிக்கு அந்தக் கட்டடத்துல ஒழுங்கா வேலை செஞ்சது அது ஒண்ணுதான்."

"அப்போ என் மகன் மேடையில சொன்னது பொய்யா? நாலு கிளாஸை டக்கு டக்குனு சொன்னானே. அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் இருந்தது. ரிஷி சார் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. கடிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"உக்காருங்க மேடம்" என்றார் ரிஷி சார். "அப்பா, எனக்கு வாசனையே தெரியாது. மூணு வருஷமா. நாலு கிளாஸையும் சொன்னது இவங்கதான், உள்ளே இருந்து. அஞ்சாவதையும் சொன்னாங்க. நான்தான் கேக்கல."

பெரிய முதலாளி அந்தக் கடிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நீ வீட்டுக்குப் போம்மா. கூப்பிடறேன்" என்றார். இதுவரை அவர் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

ஜூன் 27, வியாழன்

கூப்பிடவில்லை. பரண் மேல் இருந்த பாத்திரம் முழுவதையும் இறக்கித் தேய்த்தேன்.

ஜூலை 4, வியாழன்

மாலை ரிஷி சார் வீட்டுக்கே வந்துவிட்டார். அருளப்பன்தான் கதவைத் திறந்தார். டீ போட்டதும் அவர்தான். கூடவே உட்கார்ந்துகொண்டார், எழுந்து போவார் என்று பார்த்தேன், போகவில்லை.

கலந்த சரக்கு கொண்டல் பெயரில் வெளியே போகாது. வேறு பெயரில், உள்ளதை உள்ளபடி எழுதி விற்றுவிடுவார்கள். விழாவுக்கு வந்திருந்த அந்த அம்மாளின் ஓட்டல், உண்மையான சரக்கு இருந்தால் காட்டுங்கள் என்று கடிதம் போட்டிருக்கிறது. மும்பைப் பேச்சை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மிச்சம் இருபத்தாறு பீப்பாய்க்கும் நானே பொறுப்பு, என் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டு நகராது என்று கம்பெனி தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அப்பா சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"அப்பாதான் கையெழுத்து. மன்னிப்புக் கேக்க மட்டும் அவருக்கு வரல மேடம். அதை நான் கேக்கறேன்."

"திங்கட்கிழமை பதில் சொல்றேன்" என்றேன். உடனே சரி என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார். காத்திருக்கட்டும்.

அவர் போனபின் அருளப்பன், "அந்த அஞ்சு கிளாஸ்ல அப்படி என்னதான் வித்தியாசம்?" என்று கேட்டார். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. டப்பாக்களைத் திறந்து சுக்கு, கொப்பரை, வெல்லம் எல்லாவற்றையும் அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். மருந்துப் பெட்டியிலிருந்து டிங்சரை எடுத்தேன். ஒவ்வொன்றையும் முகர்ந்து நாட்டின் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார், விளையாட்டுப் போட்டிக்கு அணிப் பட்டியல் படிப்பதுபோல.

ஜூலை 7, ஞாயிறு

இரண்டாம் பூசை. வாசலில் மதுவிலக்குக் குழுத் தலைவர் சவரிமுத்து அண்ணன் நாலு பேரோடு நின்றிருந்தார். பாதரும் இருந்தார். நான் செருப்பைத் தேடுவதுபோல் பின்தங்கினேன்.

"அருளப்பா, உங்க வீட்டம்மா சாராயக் கம்பெனியாமே? பேப்பர்ல போட்டிருந்தானே. மருந்துக் கம்பெனின்னுல்ல இதழ்ல போட்டோம்?"

அவர் முகம் சிவந்தது. இப்போது என்ன மழுப்பப் போகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"தப்பாப் போட்டுட்டோம் அண்ணே. நான்தான் தப்பாச் சொன்னேன். விஸ்கி செய்யறா. அதுல அவளை மாதிரி மூக்கு இந்தப் பக்கம் யாருக்கும் இல்லையாம், முதலாளி மகனே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. செயலாளர் பதவி வேணும்னா எடுத்துக்கோங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "விஸ்கின்னா சும்மா இல்லண்ணே. அஞ்சு வகை. இப்போ பர்பன்னு ஒண்ணு இருக்கு, அது அயர்லாந்துல செய்யறது. மூணு தடவ வடிப்பாங்க, கருவாட்டு வாசனை வரும்..."

அயர்லாந்தாம்! கருவாடாம்! மூன்று நாள் முன்னால் மூக்குக்கு நேராகக் கொப்பரையை நீட்டிச் சொன்னேன். ஒரு மனிதர் ஒரே மூச்சில் மூன்று நாட்டை இப்படிக் குழப்ப முடியுமா? என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்போடு அவர்கள் நடுவே போய்விட்டேன்.

"ஏங்க, பர்பன் அமெரிக்கா. மக்காச்சோளம். கருவாட்டு வாசனை ஸ்காட்லாந்துல, அதுவும் எல்லாத்துலயும் இல்ல. தெரியாம சொல்லாதீங்க."

"அப்போ அயர்லாந்துல?" என்றார் அருளப்பன், கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும்.

சவரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். பாதர் பார்த்தார். யாரும் நகரவில்லை.

சொன்னேன்.